பழைய துப்பாக்கி வாங்கப் போறீங்களா? நம்பரையும் குழலையும் நீங்களே பாருங்க

யூடியூபில் ஒரு வகை வீடியோ உண்டு. அமெரிக்காவில் ஒருவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ ரைஃபிள் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வருவார். அதன் மேல் மெழுகு மாதிரி அப்பியிருக்கும் பழைய கிரீஸை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். மரக்கட்டையைத் தேய்த்து எண்ணெய் பூசுவார். அடுத்த காட்சியில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். பார்க்க நல்லாத்தான் இருக்கும். பார்த்து முடித்த கையோடு, "நம்ம ஊர்ல இந்த மாதிரி பழைய மிலிட்டரி ரைஃபிள் எங்கே கிடைக்கும்?" என்று தேடத் தோன்றுவதும் இயல்புதான்.

பதில் ரொம்பச் சின்னது. கிடைக்காது. வேட்டையும் கிடையாது.

ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. முறையான உரிமம் வாங்கிய ஒருவர், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய துப்பாக்கியைச் சட்டப்படி வாங்கலாம். தோட்டப் பாதுகாப்புக்கு, தற்காப்புக்கு, குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு என்று வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அப்படி வாங்கப்படுவது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி, இல்லாவிட்டால் .315 ரைஃபிள். இரண்டுமே பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய சாமான். அதனாலேயே 50 வருடம், 60 வருடம் பழையது கூட விற்பனைக்கு வரும். பழைய பைக் வாங்கினால் இன்ஜின் கோளாறு நடுரோட்டில் தெரியும், தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். பழைய துப்பாக்கியில் கோளாறு தெரிவது உங்கள் கன்னத்துக்கு அரை அடி தூரத்தில். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ராணுவ ரைஃபிள் ஏன் கிடையாது?

இந்தியாவில் துப்பாக்கிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கிறார்கள்: தடை செய்யப்பட்ட வகை, தடை செய்யப்படாத வகை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையைப் பார்த்தால், .303 மற்றும் 7.62 மி.மீ. ரைஃபிள்களும், அந்தப் படைத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய வேறு எந்த ரைஃபிளும் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. காவல்துறையினர் கையில் ஒரு காலத்தில் பார்த்திருப்பீர்களே, .410 மஸ்கட், அதுவும் அதே பட்டியல்தான். இந்த வகைக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர முடியாது; மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர வேண்டும்.

இதன் பின்னால் இருக்கும் காரணம் எளிமையானது, பிரிட்டிஷ் காலத்திலிருந்தே வருவது. படையின் கிடங்கிலிருந்து திருடு போகும் தோட்டா, வெளியில் யாருடைய துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. பொதுமக்களுக்கான ரைஃபிளுக்கு .315 என்ற தனி அளவு இங்கே நிலைத்ததற்கும் அதுவே காரணம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படும் .315 ரைஃபிளைப் பாருங்க. அதன் போல்ட் அமைப்பு ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைஃபிளுடையது. தோட்டா மட்டும் வேறு. அண்ணனும் தம்பியும் மாதிரி இருக்கும், ஆனால் அண்ணன் தோட்டா தம்பிக்குப் போகாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. போர் முடிந்ததும் மிச்சமான லட்சக்கணக்கான ரைஃபிள்களை அரசுகள் விற்றுத் தீர்த்தன. அங்கே வேட்டைக்குப் பருவமும் உரிமமும் உண்டு. கனடாவின் வடகோடியில் ரேஞ்சர் படையினர் கையில் லீ என்ஃபீல்டு 2010-களின் கடைசி வரை இருந்தது. அந்த ஊர் வீடியோவில் சொல்லும் சட்டம் எதுவும் நமக்குப் பொருந்தாது. துப்பாக்கியைப் பரிசோதிக்கச் சொல்லும் யோசனைகள் மட்டும் பொருந்தும், இரும்புக்கு எந்த நாடும் ஒன்றுதான்.

ஆக, "எக்ஸ் மிலிட்டரி பீஸ், அப்படியே பேப்பரோட தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது போட்டோ அனுப்பினால், விலை கூடக் கேட்காதீங்க. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருந்தால், 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

"பன்றியைச் சுடத்தானே கேட்கிறேன்"

விவசாயிகளிடமிருந்து வரக்கூடிய நியாயமான கேள்வி இது. இரவோடு இரவாக ஒரு கூட்டம் புகுந்தால் நிலக்கடலைக் காடு காலையில் உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் துப்பாக்கி உரிமம் என்பது சுடும் உரிமம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. பயிரை மேய்ந்தது என்பதற்காக நில உரிமையாளர் தானாகவே சுட்டுவிட முடியாது. தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று சட்டம் சொல்கிறது. அந்த விலக்கு உயிருக்குத்தான், பயிருக்கு இல்லை.

காட்டுப்பன்றிக்காகத் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் தனி நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயி செய்ய வேண்டியது புகார் கொடுப்பதும், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பதும்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோ, அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசிப்பவர் துப்பாக்கி உரிமம் வைத்திருந்தால், அதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் தருவதற்கும் அவருடைய முன் சம்மதம் தேவை. நீலகிரி, சத்தியமங்கலம், முதுமலை பக்கத்து மக்கள் விண்ணப்பம் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

யாரிடம் வாங்கலாம்?

முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. இந்த வரிசை மாறவே கூடாது. மத்திய உள்துறையின் ஆயுத உரிமத் தேசியத் தரவுத்தள இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம். குறைந்தபட்ச வயது 21. உரிமம் வந்ததும் அதில் யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்க. அந்த எண் இல்லாத பழைய உரிமப் புத்தகம் இப்போது செல்லாது. ஒரு நபர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்பது 2019 திருத்தம். பழைய 3 என்ற கணக்கு மனதில் இருந்தால் அழித்துவிடுங்க.

வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற ஆயுதக் கடை. மற்றொன்று, உரிமம் வைத்திருக்கும் தனிநபர். தனிநபர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை உங்களுக்கு விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விற்பவர் முதலில் மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட ஆட்சியருக்கோ, பக்கத்துக் காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: இந்தத் துப்பாக்கியை, இந்தப் பெயர், இந்த முகவரி உள்ளவருக்கு விற்கப் போகிறேன் என்று. அப்படித் தெரிவித்த பிறகு குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் துப்பாக்கி கை மாறக் கூடாது. "நமக்குள்ளே என்னங்க, இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, லெட்டர் அப்புறம் குடுத்துக்கலாம்" என்பார்கள். சொந்தக்காரரே சொன்னாலும் எடுக்காதீங்க. அந்த 45 நாளைக்குள் வழியில் ஒரு வாகனச் சோதனையில் நின்றால், உங்கள் கையில் இருப்பது இன்னொருவருடைய ஆயுதம்.

என்னைக் கேட்டால், முதல் முறை வாங்குபவருக்குக் கடைதான் நல்லது. கொஞ்சம் விலை கூடினாலும், துப்பாக்கியைப் பிரித்துக் காட்டவும், அளவுக் கருவி வைத்துப் பார்க்கவும் அங்கே ஆள் இருக்கும்.

முதலில் நம்பர்

துப்பாக்கியின் பளபளப்பைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்க. ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானது. செய்தவர் பெயர், எண் அல்லது வேறு அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது. அதைவிட முக்கியம்: எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி உங்களிடம் இருந்தால், அழித்தது நீங்கள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. 30 வருடத்துக்கு முன் யாரோ அரம் போட்டுத் தேய்த்ததற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

12 போர் இரட்டைக்குழலில் எண் ஒரே இடத்தில் இருக்காது. குழலின் அடிப்பகுதி, நடுவில் இருக்கும் இரும்புப் பெட்டி மாதிரியான பாகம், முன்கட்டையின் இரும்பு என்று பல இடத்தில் பொறித்திருப்பார்கள். மூன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்க. மூன்றிலும் ஒரே எண் இருந்தால் அது ஒரே துப்பாக்கி. குழலில் ஒன்று, உடலில் ஒன்று என்றால் இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொருத்தமும் சரியாக இருக்காது, காகிதத்தோடும் ஒத்துப் போகாது. ரைஃபிளில் போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்க. பிறகு இதே எண் விற்பவருடைய உரிமத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடுங்க. எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு லேசாகக் குழிந்தோ, நிறம் மாறியோ இருந்தால், டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்க. சந்தேகம் தீரவில்லையா, வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்க. எண் ஒத்துப்போகும் வரை அட்வான்ஸும் கொடுக்காதீங்க.

குழலின் நீளத்தையும் அளந்துவிடுங்க. குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனியாக ஒரு குற்றம், 6-ஆவது பிரிவு. அறுத்த இரட்டைக்குழலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு குழல்களும் நுனிக்கு வரும்போது ஒன்றையொன்று நெருங்கி ஒட்டி நிற்க வேண்டும். நுனியில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்து, அதை ஈயம் வைத்து அடைத்திருந்தால், அங்கே ரம்பம் ஓடியிருக்கிறது.

குழலுக்குள் என்ன இருக்கிறது?

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, மடக்கித் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று நீங்களே பார்ப்பது. விற்பவர் "காலிதான் சார்" என்று சொன்னாலும் பாருங்க. மனம் புண்படுமே என்று நினைக்க வேண்டாம், துப்பாக்கி பழகியவர் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு குழலைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். கறுப்புக் கறுப்பாகத் தெரிவது வெறும் அழுக்காகவும் இருக்கலாம், துரு தின்ற குழியாகவும் இருக்கலாம். எண்ணெய்த் துணி விட்டு இழுத்த பிறகும் அப்படியே இருந்தால் குழிதான். கடலோர ஊர்களில் இருந்து வரும் துப்பாக்கியிலும், தேர்தல் நேரத்திலோ உரிமம் காலாவதியானதாலோ ஒப்படைக்கப்பட்டு எண்ணெய் படாமல் நாள்கணக்கில் கிடந்த துப்பாக்கியிலும் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். நுனிப் பக்கம் லேசான புள்ளிகள் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. தோட்டா உட்காரும் பக்கத்தில் ஆழமான குழி இருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். வெடிக்கும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போவது அந்த முதல் சில அங்குலத்தில்தான்.

அடுத்து வீக்கம். குழலில் மண்ணோ துணியோ அடைத்திருந்த நேரத்தில் யாராவது சுட்டிருந்தால், அந்த இடத்தில் இரும்பு வெளிப்பக்கம் உப்பிவிடும். வெளியே கண்ணுக்குத் தெரியாத வீக்கம் கூட உள்ளே மோதிரம் மாதிரி ஒரு நிழல் வளையமாகத் தெரியும். ஜன்னல் கம்பியின் நேர்க்கோடு குழலின் உட்சுவரில் பிரதிபலிக்கும்படி பிடித்து, குழலை மெதுவாகச் சுழற்றுங்க. கோடு ஓர் இடத்தில் வளைந்தாலோ, உடைந்தாலோ அங்கே வீக்கமோ நசுங்கலோ இருக்கிறது. வெளியே கட்டைவிரலால் நீளவாக்கில் தடவினாலும் பிடிபடும். நசுங்கலை நல்ல மெக்கானிக் எடுத்துவிடுவார். வீக்கம் வந்த குழலை வாங்க வேண்டாம்.

இரட்டைக்குழலில் இன்னொரு பரிசோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. கழற்றிய குழல்களை அடியில் இருக்கும் கொக்கி மாதிரியான இடத்தில் விரலால் தொங்கவிட்டு, பக்கவாட்டில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுங்க. கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால், இரண்டு குழலையும் சேர்க்கும் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. உடைந்த சட்டியைத் தட்டினது போல 'டொக்' என்றோ, கரகரவென்றோ கேட்டால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே கணக்கு.

மிகப் பழைய சில துப்பாக்கிகளில் குழலின் மேல் தண்ணீரில் எண்ணெய் விட்டது போல அலையலையாக ஒரு கோலம் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கி அடித்துச் செய்தது. அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்துக் கரிமருந்துக்காகச் செய்தது. இப்போதைய புகையில்லாத மருந்துத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்பிப் போடக் கூடாது. அதைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டாலும் உரிமம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தோட்டா நுழைந்தால் போதுமா?

போதாது. பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான் என்பேன்.

12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அந்தப் பருமன் கொண்ட குழல் என்று அர்த்தம், சுமார் 18.5 மி.மீ. பருமன் எல்லாவற்றிலும் ஒன்று. ஆனால் தோட்டா உட்காரும் அறையின் நீளம் ஒன்றில்லை. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இப்போது கடையில் பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ.

சுடாத 70 மி.மீ. தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால், அது 65 மி.மீ. அறைக்குள் சிரமமே இல்லாமல் போய் உட்காரும். துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுட்டதும் மடிப்பு விரிய இடம் வேண்டும். இடம் இல்லாததால் குழல் ஒடுங்கும் வாயிலேயே மாட்டி, ரவை போக வேண்டிய வழியைக் குறுக்கும். அழுத்தம் எகிறும். முதல் தடவையே ஏதாவது ஆகும் என்று இல்லை, அதுதான் ஏமாற்றும். "நான் பத்து வருஷமா இதைத்தான் போடுறேன்" என்று சொல்பவர் துப்பாக்கியின் மூட்டு, அந்தப் பத்து வருடத்தில் தளர்ந்திருக்கும்.

குழலின் அடியில், மடக்கினால் தெரியும் தட்டையான இடத்தில், 2½ அல்லது 2¾ அங்குலம் என்றோ, 65 அல்லது 70 என்றோ பொறித்திருக்கும். கூடவே, புகையில்லாத மருந்துக்குச் சோதித்ததற்கான 'நைட்ரோ' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்க. எதுவும் இல்லாவிட்டால் கடைக்காரரை அளவுக் கருவி வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்க. 65 என்றால் 65 தோட்டாதான், அது கிடைக்குமா என்று அதே கடையில் அப்போதே கேட்டுவிடுங்க. கிடைக்காத தோட்டாவுக்குத் துப்பாக்கி வாங்கி என்ன பயன்?

மூட்டு, விசை, கட்டை

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, பின்கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்க. கடகடவென்று ஆடினால் மூட்டு தேய்ந்திருக்கிறது. மூடிய நிலையில், குழலின் பின்வாயும் உடலும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பாருங்க. நடுவில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. மேலே திறக்கும் நெம்புகோல் மூடும்போது நடுவிலோ, கொஞ்சம் வலப்பக்கமாகவோ நிற்பது நல்லது. இடப்பக்கம் தாண்டிப் போய் நின்றால் நிறைய உழைத்த துப்பாக்கி.

விசையை வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டாம், ஊசி உடைய வாய்ப்பு உண்டு. கடையில் டம்மி தோட்டா இருக்கும், போட்டுத் தரச் சொல்லுங்க. சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்துங்க, ஒன்றும் ஆகக் கூடாது. விரலை எடுங்க. இப்போது சேஃப்டியை மட்டும் விடுங்க. அந்த நொடி 'டிக்' என்று ஊசி அடித்தால், அந்தத் துப்பாக்கி ஒருநாள் யார் விரலும் படாமல் வெடிக்கும். இரட்டைக்குழலில் இரண்டு விசைக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

கட்டையில் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில்தான் முதலில் விரிசல் வரும். புதுசாக வார்னிஷ் அடித்திருந்தால் அங்கே இன்னும் உற்றுப் பாருங்க, விரிசலை மறைக்கத்தான் பல நேரம் வார்னிஷ். இரும்போடு சேரும் மரம் கறுத்து மெத்தென்று இருந்தால் வருடக்கணக்கில் எண்ணெய் இறங்கி ஊறியிருக்கிறது. கரையான் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்க. சமையல் எண்ணெய் போட்டுப் பராமரித்த துப்பாக்கி என்றால் உள் பாகங்களில் பிசின் மாதிரிக் கெட்டியாகி இருக்கும்; அது கழுவினால் போகக்கூடிய குறைதான்.

.315 ரைஃபிள் என்றால்

இங்கே குழலுக்குள் வழவழப்பைத் தேடாதீங்க, மரையைத் தேடுங்க. உள்ளே சுழன்று போகும் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். மொழுக்கென்று மழுங்கியிருந்தால் குறி நிற்காது. குழலின் வாய்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகி இருக்கிறதா என்றும் பாருங்க. சுத்தம் செய்யும் கம்பியை வருடக்கணக்கில் நுனிப் பக்கமிருந்தே விட்டுத் தேய்த்தால் அப்படி ஆகும். பழைய காலத் தோட்டாக்களின் தீப்பொறி மருந்து, சுட்ட பிறகு உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அன்றே கழுவாத சோம்பலின் தடம் குழலில் அப்படியே இருக்கும்.

ரைஃபிளில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத விஷயம் ஒன்று உண்டு. போல்ட் மூடியபின் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அது மயிரிழை அளவு கூடினாலும் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு பின்பக்கமாக முகத்தில் அடிக்கலாம். வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருந்தால் இந்த ஆபத்து அதிகம். எண் ஒத்துப்போக வேண்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். உரிமம் பெற்ற பழுதுநீக்குபவர் அளவுக்கட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

"ஒரு ரவுண்டு சுட்டுப் பார்த்துடலாமே" என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் போகாதீங்க. சுட்டுப் பார்ப்பது அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும்.

வாங்கிய பிறகு

ரசீதில் துப்பாக்கியின் வகை, அளவு, எண் மூன்றும் இருக்க வேண்டும். உரிமத்தில் குறிப்பிட்டிருக்கும் கெடுவுக்குள் வாங்கி, உரிமம் வழங்கிய அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி, எண்ணை உரிமத்தில் பதிய வையுங்க. கொண்டுபோகும்போது தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, உரிமத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்க. வீட்டில் பூட்டிய பெட்டி. தோட்டா வேறு பெட்டியில். உரிமம் இப்போது 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்க. தேதி கடந்த மறுநாளிலிருந்து அது உரிமம் இல்லாத துப்பாக்கி.

வாங்காமலே கைக்கு வந்துவிடும் துப்பாக்கியும் உண்டு. தாத்தா இறந்து வருடங்கள் ஆன பிறகு பரணில் துணி சுற்றிக் கிடைக்கும். அவருடைய உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "நினைவுக்காக வைத்திருந்தோம்" என்பது சட்டத்தில் விலக்கு இல்லை. தெரிந்தவுடன் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்க. ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்ற பயம்தான் பலரைப் பரணிலேயே வைக்கச் செய்கிறது. அப்படி உடனே போய்விடாது. விதியில் சொன்ன காலத்துக்குள், வாரிசு ஒருவர் தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம். 2016 விதிகளின் 25-ஆவது விதி அதற்குத்தான் இருக்கிறது. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்க. வேண்டாம் என்றால், உரிமம் உள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். அந்தக் காலத்தைத் தாண்டவிட்டால்தான் அரசுடைமை ஆகும்.

தாத்தா, அப்பா உயிரோடு இருக்கும்போதே கூட இதைச் செய்ய வழி உண்டு. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தன் வாரிசுகளில் ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அந்த நேரத்தில் மேலே சொன்ன பரிசோதனைகளை எல்லாம் அவரை உட்கார வைத்தே செய்துவிடுங்க. எந்தத் தோட்டா போட்டார், மூட்டை எப்போது சரி செய்தார், குழலில் அந்தக் கறை எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டுவிடலாம்.